பனி பெய்யாத ஊரில் குளிர் எப்படிக் கொல்லும்? மலை ஓட்டத்துக்குக் கிளம்பும் கெடா இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிடாம் கிரி பக்கம், செம்பனையும் ரப்பரும் மறைக்காத ஒரு வெட்டவெளியில் நின்று வடமேற்கே பாருங்கள். மேகம் இல்லாத நாளென்றால் ஜெராய் மலை தெரியும். உயரம் 1,217 மீட்டர். கடாரத்தை நோக்கி வந்த பழங்காலக் கப்பல்களுக்கு வழிகாட்டும் அடையாளமாக இருந்த மலை அது.

இப்போது அந்த மலையைப் பார்த்துக்கொண்டு ஓடுவது வேறு ஒரு கூட்டம். முதுகில் சின்னப் பை, காலில் பல் வைத்த சப்பாத்து, நெற்றியில் லைட்டு. விடியற்காலை இருட்டில் நெற்றி லைட்டோடு கிளம்புவது நம் தோட்டங்களுக்குப் புதுசு இல்லை, மரம் வெட்டப் போனவர்கள் எல்லாம் அப்படித்தான் போனார்கள். ஆனால் இவர்கள் போவது 'டிரெயில் ரன்' எனப்படும் மலைப்பாதை ஓட்டத்துக்கு. தார் சாலை இல்லை. வேர், சேறு, பாறை, ஆறு. தூரம் 12 கிலோமீட்டரில் தொடங்கி 100-ஐத் தாண்டிப் போகும்.

இந்த விளையாட்டில் இருப்பவர்களிடம் பேசினால் ஒரு பெயர் சீக்கிரமே வந்துவிடும்: யூடிஎம்பி. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்று நாடுகளின் வழியாக மோன் பிளாங் மலையைச் சுற்றி வரும் ஓட்டம். ஏறக்குறைய 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். அதன் உலகத் தொடரில் மலேசியாவுக்கும் ஓர் ஓட்டம் உண்டு. நடக்கும் இடம் பேராக்கில் உள்ள தைப்பிங். அந்தத் தொடரில் ஓர் ஓட்டத்தை முடித்தால் மோன் பிளாங் குலுக்கலில் பெயர் போடத் தகுதி கிடைக்கும். அதாவது சுங்கைப் பட்டாணியில் இருந்து நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கும் ஓர் ஊரில் ஓடிவிட்டு, ஆல்ப்ஸ் மலைக்கு விண்ணப்பிக்கலாம்.

உடனே வரும் கேள்வி: "அங்க பனி இருக்குமே, நம்மால முடியுமா?"

முடியும். 1997 மே 23-இல் எவரெஸ்ட் உச்சியில் முதலில் கால் வைத்த மலேசியர்கள் இரண்டு பேரும் தமிழர்கள்தான்: எம். மகேந்திரன், என். மோகன்தாஸ். வெப்ப நாட்டில் பிறந்தது யாருக்கும் தடை ஆகவில்லை. அதனால் 'முடியுமா' என்பதை விட்டுவிட்டு, இன்னொரு கேள்வியைக் கேட்போம். குளிரில் ஓடுகிறவரை வீழ்த்துவது எது? பனியா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரிந்தால், ஆல்ப்ஸ் போகாதவருக்கும் அது உதவும். ஜெராய்க்குப் போகிற உங்களுக்கும் உதவும்.

மே மாதத்தில் 21 பேர்

2021 மே 22. சீனாவின் கான்சூ மாநிலம், பாயின் நகரத்துக்கு அருகே மஞ்சள் ஆற்றுக் கற்காடு என்ற சுற்றுலாப் பகுதி. காலை 9 மணிக்கு 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் தொடங்கியது. ஓடியவர்கள் 172 பேர். மாதத்தைக் கவனியுங்கள். மே. குளிர்காலம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய சட்டையுமாகக் கிளம்பினார்கள்.

நண்பகல் வாக்கில் வானிலை திரும்பியது. ஆலங்கட்டி, உறையவைக்கும் மழை, ஆளைத் தள்ளும் காற்று. இரண்டாவது சோதனைச் சாவடிக்கும் மூன்றாவது சாவடிக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். மரம் இல்லை, மறைவு இல்லை. மேலே இருந்த மூன்றாவது சாவடிக்கு வண்டி போக வழி கிடையாது, அங்கே சாப்பாடோ சூடான தண்ணீரோ வைக்கப்படவும் இல்லை.

21 பேர் இறந்தார்கள். காரணம் ஹைப்போதெர்மியா, அதாவது உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்குவது. 2018-இல் 400 கிலோமீட்டர் அல்ட்ரா கோபி ஓட்டத்தில் வென்ற லியாங் ஜிங் இறந்தவர்களில் ஒருவர். சீனாவின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் அவரும் ஒருவர்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்பிப் போவார்கள். பலசாலிகள் எப்படி இறந்தார்கள்? மெதுவாக ஓடியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? விடை கொஞ்சம் கசப்பானது. வேகமாக ஓடியவர்கள், புயல் வந்த நேரத்தில் மலையின் மிக மோசமான பகுதியில் மேலே இருந்தார்கள். பின்தங்கியவர்களுக்குக் கீழே திரும்பிப் போக இடம் இருந்தது, பலர் திரும்பினார்கள். அன்றைக்கு மலைமேல் குகையில் ஒதுங்கியிருந்த ஆடு மேய்க்கும் ஒருவர், நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். அவரிடம் இருந்த கருவிகள் இவ்வளவுதான்: மறைவான இடம், நெருப்பு, போர்வை.

பிறகு நடந்த விசாரணையில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. காற்றைத் தடுக்கும் மேல்சட்டை கட்டாயப் பட்டியலில் இல்லை. 'கொண்டுவந்தால் நல்லது' என்ற பட்டியலில்தான் இருந்தது. பலர் அதை வேறு பையில் போட்டு, பிற்பாடு வரும் சாவடி ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். கையில் இருந்திருந்தால் ஒரு சட்டை. அவ்வளவுதான்.

"நம்ம ஊர்ல எங்க லா குளிரு?"

நியாயமான கேள்வி. யான் கடற்கரையில் 31 டிகிரி அடிக்கும்போது ஹைப்போதெர்மியா என்று சொன்னால் சிரிப்பு வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். மேலே ஏறும்போது ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஜெராய் உச்சிக்கு இந்தக் கணக்கில் 8 டிகிரி கழியும். பகலில் 23. இரவில், மழையோடு என்றால் 20-க்குக் கீழே. சபாவின் கினபாலு மலைக்கு இதே கணக்கைப் போட்டால், 4,095 மீட்டரில் உறைநிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

"20 டிகிரியா? அது ஏர்கோன்தானே!" ஆமாம், அதேதான். மழையில் தொப்பலாக நனைந்து, ஈரச் சட்டையோடு சுங்கைப் பட்டாணியில் கோலாலம்பூர் எக்ஸ்பிரஸ் பஸ் ஏறியது உண்டா? ஈப்போ வருவதற்குள் பல் தந்தியடிக்கும். பஸ்ஸில் நீங்கள் வயிறு நிறைந்து, களைப்பில்லாமல் உட்கார்ந்திருந்தீர்கள். இப்போது அதே ஈரச் சட்டையை, ஒன்பது மணி நேரம் மலையேறி, சாப்பிட்டதெல்லாம் எரிந்துபோன ஒரு உடம்புக்குப் போட்டுப் பாருங்கள். ஏர்கோனுக்குப் பதில் உச்சிக் காற்று. இறங்குகிற ஸ்டேஷனும் கிடையாது.

அறிவியல் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. உடலில் இருந்து வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றை விடச் சுமார் 25 மடங்கு வேகம். ஓடும் வரை தசைகள் வெப்பத்தைத் தயாரிக்கும், இழப்பு தெரியாது. கால் சுளுக்கி நடக்கத் தொடங்கினாலோ, வழி தவறி நின்றாலோ, பசியில் வேகம் குறைந்தாலோ, தயாரிப்பு நின்றுவிடும். இழப்பு மட்டும் நிற்காது. நனைந்த உடம்பு, காற்று, நின்றுபோன கால் என்ற மூன்றும் சேரும்போதுதான் ஆபத்து. பனி அந்த மூன்றில் ஒன்று இல்லை.

சொல்லப்போனால் 20 டிகிரி கீழே உள்ள வறண்ட குளிரைவிட, 5 டிகிரியில் கொட்டும் மழையைத்தான் அனுபவம் உள்ள மலை ஓட்டக்காரர்கள் அதிகம் பயப்படுவார்கள். வறண்ட பனியைத் தட்டிவிட்டுப் போகலாம். மழை உள்ளே இறங்கிவிடும்.

ஜெராயிலும் தித்திவாங்சா மலைத்தொடரிலும் இந்த மூன்றும் சேர முடியும் என்பதுதான் நம் கதை. அதற்காக ஜெராயில் ஓடுகிற எல்லோரும் விறைத்துப் போவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே குளிர் பெரும்பாலும் தனியாகக் கொல்வதில்லை. அது முதலில் யோசிக்கும் திறனைக் குறைக்கிறது. குறைந்த பிறகு ஒரு தவறான திருப்பம், வழுக்கும் பாறையில் ஒரு கவனக்குறைவு, கடக்கக் கூடாத நேரத்தில் ஓர் ஆறு.

ஆறு என்றதும் கெடாக்காரர்களுக்கு நினைவு வரும். 2021 ஆகஸ்ட் 18, ஜெராய் மலையில் கனமழை. யான் பகுதியில் 'கெபாலா ஆயர்' என்று நாம் சொல்லும் திடீர் வெள்ளம், மரக்கட்டைகளையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு தித்தி ஹயூன் பக்கம் இறங்கியது. ஆறு பேர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி பாலிங்கில் உள்ள குபாங் பகுதி, இனாஸ் மலையில் இருந்து வந்த தண்ணீர், மூன்று பேர். இரண்டு சம்பவமும் ஓட்டப் பந்தயத்தில் நடந்தவை அல்ல. ஆனால் அந்த மலைகளில்தான் மக்கள் ஓடுகிறார்கள், அந்த ஆறுகளைத்தான் கடக்கிறார்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை கெபாலா ஆயராக வரும். தண்ணீர் திடீரெனக் கலங்கினால், இலையும் குச்சியும் அதிகமாக மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், படம் எடுக்க நிற்காமல் கரைமேல் உயரமான இடத்துக்கு ஏறுங்கள்.

உண்மையான பனியில் ஓடினால்?

இங்கிலாந்தில் 'ஸ்பைன் ரேஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஜனவரி மாதம், பென்னைன் மலைப்பாதையில் 431 கிலோமீட்டர், ஏழு நாள் கெடு. பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்தான், மீதி எல்லாம் நெற்றி லைட்டு. 2019-இல் அதை ஆண், பெண் எல்லோரையும் முந்தி வென்றவர் ஜாஸ்மின் பாரிஸ். நேரம் 83 மணி 12 நிமிடம். வழியில் சாவடிகளில் நின்று தன் 14 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்து வைத்தார் என்ற செய்தியை அப்போது உலகமே பேசியது. அதே ஓட்டத்தில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்த வீரர், இலக்குக்குச் சில கிலோமீட்டர் முன்னால் குளிரில் முடங்கி, அவசர உதவிப் பொத்தானை அழுத்தினார். அந்தச் செய்தியை அவ்வளவு பேர் பேசவில்லை. எனக்கென்னவோ முதல் செய்தியைவிட இதில்தான் ஓட்டக்காரர்கள் படிக்க வேண்டியது அதிகம் என்று தோன்றுகிறது. 400 கிலோமீட்டர் ஓடியவர், கண்ணுக்கெட்டும் தூரத்தில் இலக்கை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். அதனால் மீட்கப்பட்டார்.

இந்தியர்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். லடாக்கில் உறைந்த பாங்கோங் ஏரியின் மேல் 2023 பிப்ரவரியில் 21 கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. கடல்மட்டத்தில் இருந்து 4,000 மீட்டருக்கும் மேல், காலுக்குக் கீழே பனிக்கட்டி.

அப்படிப்பட்ட இடத்துக்கு முதல்முறை போகும் மலேசியர்கள் செய்யும் தவறு, குறைவாக உடுத்துவது அல்ல. அதிகமாக உடுத்துவது. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். இரண்டாவது கிலோமீட்டரில் வியர்வை. ஐந்தாவதில் உள்சட்டை ஈரம். உச்சியில் காற்று வீசும்போது அந்த ஈரமே எமன். தொடக்கத்தில் கொஞ்சம் குளிர வேண்டும், ஓடும்போது சரியாக இருக்க வேண்டும். உடம்போடு ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியே விடுவதாக இருக்கட்டும் (பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்). நடுவில் வெப்பம் காக்க ஒன்று. மேலே காற்றும் மழையும் நுழையாத ஒன்று, தலைமூடியோடு.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்துவிடும். குடித்ததும் குழாயில் ஊதி, மிச்சத் தண்ணீரைப் பைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இனிப்பு ஜெல் கல்லாகும், சட்டைக்குள் வைக்க வேண்டும். கைப்பேசி பேட்டரி குளிரில் படுத்துவிடும், அதுவும் சட்டைக்குள்தான். விரல் மரத்துப்போனால் பையின் ஜிப்பைக்கூடத் திறக்க முடியாது. அதனால் கையுறையை விரல் நன்றாக இருக்கும்போதே போட வேண்டும்.

கெடாவில் இருந்துகொண்டு பனிக்குப் பயிற்சி எடுக்க முடியாது. ஈரத்துக்கு எடுக்கலாம், அதற்குப் பஞ்சமே இல்லை. மழை நாளில், பாதுகாப்பான பாதையில், நீங்கள் போட்டியில் போடப்போகும் அதே மழைச்சட்டையோடு மூன்று மணி நேரம் ஓடிப் பாருங்கள். நூறு ரிங்கிட் சட்டையா முந்நூறு ரிங்கிட் சட்டையா என்ற சர்ச்சை முடிந்துவிடும். எது உள்ளே தண்ணீர் விடுகிறது என்று உங்கள் முதுகே சொல்லும்.

ஓட்டத்தை யார் நிறுத்துவது?

மோன் பிளாங் ஓட்டம் நடப்பது ஆகஸ்ட் கடைசியில், ஐரோப்பியக் கோடையில். அப்படியும் 2010-இல் மோசமான வானிலையால் ஓட்டம் தொடங்கிய பிறகு நிறுத்தப்பட்டது. 2012-இல் மேலே பனி விழுந்ததால் பாதையையே மாற்றி, சுமார் 100 கிலோமீட்டராகச் சுருக்கினார்கள். உலகத்தின் எல்லா மூலையில் இருந்தும் டிக்கெட் போட்டு வந்தவர்களிடம் "இன்றைக்கு முழு ஓட்டம் இல்லை" என்று சொல்வது லேசான காரியம் இல்லை. சொன்னார்கள்.

கான்சூவில் முந்தைய நாளே பலத்த காற்றுக்கான எச்சரிக்கை வந்திருந்தது. ஓட்டம் நடந்தது. பிறகு அதிகாரிகள் 27 பேர் மீது நடவடிக்கை எடுத்தார்கள், நாடு முழுவதும் இப்படிப்பட்ட ஓட்டங்களை நிறுத்தி வைத்தார்கள்.

நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது. 2019 மார்ச்சில் பேராக்கில் உள்ள கோப்பெங்கில் ஓர் அல்ட்ரா டிரெயில் ஓட்டத்தில் ஓடிய ஒருவர் காணாமல் போனார். பல நாள் தேடியும் கிடைக்கவில்லை. குளிர்தான் காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் காட்டுக்குள் ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று கணக்கு வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அந்தச் சம்பவம் எல்லோருக்கும் காட்டியது.

மழை பிடித்தால் மரம் வெட்டு இல்லை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதி. வேலை நின்றது. கூடவே அன்றைய கூலியும் போனது. நிறுத்தியதன் செலவு தொழிலாளி தலையில். ஓட்டப் பந்தயத்திலும் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஏற்பாட்டாளர் ஓட்டத்தை ரத்து செய்தால் கட்டணம் திரும்பி வருமா? வராது என்றால், "பணம் கட்டியாச்சு, ஓடித்தான் ஆகணும்" என்று ஆயிரம் பேர் அடம்பிடிப்பார்கள். ஏற்பாட்டாளரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதிவிடுவார். ரத்து செய்யும்போது பணத்துக்கு என்ன வழி என்று தெளிவாக எழுதிவைத்த ஓட்டம், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தும் துணிச்சல் உள்ள ஓட்டம் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அதனால் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். மழைச்சட்டையும் அவசரப் போர்வையும் விசிலும் கட்டாயமா, தொடக்கக் கோட்டில் பையைத் திறந்து பார்ப்பார்களா? மிக உயரமான சாவடிக்கு வண்டி போகுமா, போகாவிட்டால் அங்கே இருப்பது யார்? மழை வந்தால் பயன்படுத்த மாற்றுப் பாதை தயாராக இருக்கிறதா? காட்டு இலாகா அனுமதி இருக்கிறதா? பதில் மழுப்பலாக வந்தால், மெடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு ஓட்டம் பாருங்கள். மெட்மலேசியாவின் இடிமழை எச்சரிக்கை கைப்பேசியில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அது சில மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும் எச்சரிக்கை, முந்தைய நாள் பார்த்தது போதாது.

இன்னொன்று, நமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது. பாதியில் நிறுத்தியவர் பெயருக்கு எதிரே 'டிஎன்எஃப்' என்று போடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் அதை வைத்து ஒரு வாரம் கேலி ஓடும். அந்தக் கேலி பயத்தில் மேலே ஏறியவர்கள் நிறையப் பேர்.

கூட ஓடுபவர் நடுங்கினால்

உடலின் உள்வெப்பம் வழக்கமாக 37 டிகிரி. 35-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. ஆனால் மலையில் யாரிடமும் தெர்மோமீட்டர் இருக்காது. பார்க்க வேண்டியது வேறு. பாட்டில் மூடியைத் திறக்க விரல் ஒத்துழைக்காது. நாக்கு குழறும். சமதரையில் கால் பின்னும். நல்ல மனுஷன் காரணமில்லாமல் எரிந்து விழுவான். "எனக்கு ஒண்ணும் இல்ல, விடு மச்சான்" என்பான். அந்த வார்த்தையை நம்பாதீர்கள், ஏனென்றால் முதலில் பழுதாவது தன்னைத் தானே எடைபோடும் புத்திதான். இன்னும் குளிர்ந்தால், 32 டிகிரிக்குப் பக்கத்தில், நடுக்கம் நின்றுவிடலாம். நடுக்கம் நின்றதைப் பார்த்துத் தேறிவிட்டான் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. சிலர் அந்த நிலையில் உடம்பெல்லாம் சுடுகிறது என்று சட்டையைக் கழற்றவும் செய்வார்கள்.

முதலில் அவரைக் காற்று படாத இடத்துக்கு நகர்த்துங்கள். ஈரச் சட்டையை எடுத்துவிட்டு, காய்ந்தது எது இருந்தாலும் போடுங்கள், தலையையும் மூடுங்கள். தரையில் நேராக உட்கார வைக்காதீர்கள், கீழே பையோ இலையோ இருக்கட்டும். மேலே அவசரப் போர்வை. அது இல்லையென்றால் பெரிய கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கு ஓட்டை போட்டு மாட்டலாம், ஐம்பது காசு சமாச்சாரம், எல்லோர் பையிலும் ஒன்று இருக்கலாம். நினைவு தெளிவாக இருந்து, விழுங்க முடிந்தால் இனிப்பாக ஏதாவது கொடுங்கள். சூடான மைலோ கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கை காலைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம். பாட்டி வைத்தியத்துக்கு மன்னிக்கணும், ஆனால் குளிர்ந்த கை காலில் இருக்கும் ரத்தம் வேகமாக இதயத்துக்குத் திரும்புவது நல்லதல்ல. தைலம் தடவினால் தோலில் சூடு தெரியும், உள்ளே ஒரு டிகிரிகூட ஏறாது. சாராயம் கூடவே கூடாது, அது ரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து இருக்கிற வெப்பத்தையும் வெளியேற்றும்.

பேச்சு குழறியவர், நடுக்கம் நின்றவர், நடக்க முடியாதவர் என்றால் 999-ஐ அழையுங்கள், ஏற்பாட்டாளரின் அவசர எண்ணுக்கும் சொல்லுங்கள். தொடர்பு கிடைக்காத இடத்தில் இருவர் இருக்க, ஒருவர் கீழே போகட்டும். போகிறவர் கிலோமீட்டர் எண்ணையும் கடைசியாகத் தாண்டிய சாவடியின் பெயரையும் குறித்துக்கொண்டு போக வேண்டும். பொம்பா வரும்வரை அவரை எழுப்பி நடக்க வைக்க வேண்டாம், தனியாகவும் விட வேண்டாம்.